கண்ணுக்குக் கீழே பை: எந்த ஆபரேஷன் காசுக்குத் தகும்?

கிளினிக் தருகிற கொட்டேஷனில் ‘லோயர் பிளெஃபரோபிளாஸ்டி (கீழிமை ஆபரேஷன்), இரண்டு கண்’ என்று ஒரே வரிதான் இருக்கும். தையல்காரரிடம் துணியை நீட்டி ‘சட்டை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிற மாதிரிதான் இது. அந்த ஒரு வரிக்குள் இமையின் உள்பக்கமாக வெட்டிக் கொழுப்பை எடுப்பது இருக்கலாம். எடுக்காமல் இடம் மாற்றி வைப்பது இருக்கலாம். வெளித்தோலை வெட்டித் தூக்கிக் கட்டுவது இருக்கலாம். இரண்டு மூன்றைச் சேர்த்தும் செய்வார்கள். விலை, ஆறுகிற நாள், பின்னால் வரக்கூடிய வம்பு எல்லாம் ஒவ்வொன்றுக்கும் வேறு. இங்கே எடை போடுவது கிளினிக்குகளை அல்ல, இந்த வேலைகளை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முப்பது நாற்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு உள்பக்க வெட்டே போதும். பைக்குக் கீழே பள்ளமும் விழுந்திருந்தால், கொழுப்பை இடம் மாற்றக் கேட்கும் கூடுதல் காசு வீண் போகாது. வெளித்தோல் வெட்டுக்கு, தோல் நிஜமாகவே தொங்கினால் ஒழியத் தலையாட்டக் கூடாது.

எது பை, எது பை இல்லை

விழி ஒரு கொழுப்பு மெத்தையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மெத்தை முன்னால் பிதுங்காமல் பிடித்துக்கொள்வது செப்டம் என்கிற மெல்லிய திரை. வயது ஏற ஏறத் திரை தளரும். பின்னால் இருப்பது முன்னே தள்ளும். சிலருக்கு இது குடும்பச் சொத்து, இருபத்தைந்து வயதிலேயே வந்துவிடும். தூக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கீழிமைக் கொழுப்பு மூன்று அறைகளாக இருக்கிறது: மூக்கோரம், நடு, காதோரம். மூக்கோரத்துக் கொழுப்பு வெளிறியிருக்கும், நடு அறையில் உள்ளது நல்ல மஞ்சள். இந்த இரண்டுக்கும் நடுவே விழியைச் சுழற்றுகிற தசை ஒன்று குறுக்கே ஓடுகிறது. பெயர் இன்ஃபீரியர் ஆப்ளிக். இந்தப் பெயர் மறுபடியும் வரும், ஞாபகத்தில் இருக்கட்டும்.

டாக்டரிடம் போகும் முன் கண்ணாடியில் பார்த்துவிடலாம். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே தூக்குங்கள். பை இன்னும் புடைத்தால் அது கொழுப்பு. மேலே பார்த்தாலும் அப்படியே இருந்து, காலையில் உப்பி மாலையில் வடிந்தால் அது நீர். உப்பு, ஒவ்வாமை, சைனஸ், தைராய்டு, சிறுநீரகம் என்று தேட வேண்டிய இடம் வேறு. இமையில் இல்லாமல் கன்ன எலும்பின் மேல் திண்ணை போலத் தொங்குகிற மடிப்புக்கு ஃபெஸ்டூன் என்று பெயர். இமைக் கொழுப்பை எவ்வளவு எடுத்தாலும் அது போகாது. பை போன பிறகு இன்னும் எடுப்பாகத் தெரியும். சிரிக்கும்போது மட்டும் இமை ரோமத்தை ஒட்டி எழுகிற உருளை தசையால் வருவது. கொரியாவில் அதை ‘ஏக்யோ சால்’ என்று சொல்லி ஊசி போட்டு வரவழைத்துக்கொள்கிறார்கள். அதைப் போய் வெட்டச் சொல்லாதீர்கள்.

கருவளையத்துக்கு இன்னொரு சோதனை. செல்போன் டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். கருமை மறைந்தால் அது நிழல். பை சரியானால் நிழலும் போகும். வெளிச்சம் பட்டும் கருமை நின்றால் அது தோலின் நிறம். அதை எந்தக் கண் பை ஆபரேஷனும் மாற்றாது. நம் மாநிறத் தோலில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். ‘கருவளையமும் போயிடும் சார்’ என்று கிளினிக் ஆலோசகர் சொன்னால், எத்தனை பங்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

உள்பக்க வெட்டு

டிரான்ஸ்கன்ஜங்டைவல் என்று எழுதியிருக்கும். 1924-இலேயே பூர்கே என்கிற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்த வழி. பரவலாக வந்தது 1980-களுக்குப் பிறகுதான். வெளியே தழும்பு கிடையாது. அதைவிடப் பெரிய லாபம், இமையைத் தூக்கிப் பிடிக்கிற முன்பக்கத் தசையில் கத்தி படுவதில்லை.

முதலில் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு. விழியைக் காக்க மேலே ஒரு மூடி. பிறகு 2 சதவீத லிடோகெய்னில் 1,00,000-க்கு 1 என்ற அளவில் அட்ரினலின் கலந்து இமைக்குள் 1 அல்லது 2 மில்லி ஊசி. மரத்துப்போவதற்கு ஒரு நிமிடம் போதும். ரத்தக்குழாய் சுருங்க 7 முதல் 10 நிமிடம் வேண்டும். அவசரப்படுகிற தியேட்டரில் இந்தப் பத்து நிமிடம்தான் முதலில் வெட்டுப்படும். அடுத்த நாள் முகம் கன்றிப்போய் நிற்கும்.

கீழிமையைச் சிறு கொக்கியால் வெளியே மடக்கினால் சிவந்த உட்சவ்வு தெரியும். இமைக்கு விறைப்புத் தருகிற டார்சஸ் பட்டையிலிருந்து 4, 5 மி.மீ. கீழே, சூட்டால் வெட்டுகிற ஊசி நுனிக் கருவியான காட்டரியால் குறுக்கே ஒரு கோடு. இனி இழுவை தேவையில்லை. மூடிய விழியை விரலால் மெதுவாக அழுத்தினால் கொழுப்பு தானாக எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கிற அளவுதான் உபரி. அதற்கு மேல் இடுக்கியால் பிடித்து இழுத்து வெட்டினால் இரண்டு கேடு. ஒன்று, கண் குழியாகிவிடும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் பை இருந்தபோதே இளமையாக இருந்தது என்று தோன்றும். மற்றது, ஆழத்திலிருந்து வருகிற ரத்தக்குழாய் அறுந்து பின்னால் ஓடிச் சுருண்டுகொள்ளும். அங்கே கசிவதைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

மூக்கோரத்தையும் நடுவையும் பிரிக்கிற அந்த ஆப்ளிக் தசையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் இரண்டு அறைகளிலும் கை வைக்க வேண்டும். மஞ்சளுக்கு நடுவே இளஞ்சிவப்பாக, நார் நாராக இருக்கும். காட்டரி சூடு அதில் பட்டால் பொருள் இரண்டிரண்டாகத் தெரியும். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும், அபூர்வமாகத் தங்கிவிடும்.

எடுத்த கொழுப்பை ஈரத்துணியின் மேல் அறை வாரியாக அடுக்கி வைத்து, வலதுக்கும் இடதுக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பது பழகிய கைகளின் வழக்கம். துணியில் காதோர அறையின் இடம் காலியாக இருந்தால் யோசிக்க வேண்டும்: ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் ‘ஓரத்துல மட்டும் கொஞ்சம் பை நிக்குது’ என்று திரும்பி வருகிறவர்களில் அதிகம் பேருக்கு விடுபட்டது அந்த அறைதான். அது மற்ற இரண்டையும்விட உள்ளே தள்ளி இருக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும்.

உட்சவ்வைத் தைக்காமலே விடலாம், கரையும் நூலால் ஒன்றிரண்டு தையலும் போடலாம், எப்படியும் ஆறிவிடும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. தோல் விறைப்பாக, பள்ளம் இல்லாமல், வெறும் பை மட்டும் இருப்பவருக்கு இதைவிட நல்ல சிகிச்சை கிடையாது. ‘லேசரில் செய்கிறோம்’ என்பதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம். வெட்டுகிற கருவி மாறுகிறது, அவ்வளவுதான். லேசர் என்றால் விழி மூடி உலோகத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

எடுக்காமல் இடம் மாற்றுவது

கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்தில் சாய்வாக இறங்குகிற பள்ளம் பலருக்கு இருக்கும். மேலே மேடு, கீழே பள்ளம். மேட்டை மட்டும் சீவினால் பள்ளம் பள்ளமாகவே நிற்கும், முகம் நோயாளி போலத் தெரியும். மேட்டு மண்ணை எடுத்துப் பள்ளத்தில் போட்டால்தானே வயல் சமமாகும்? அதே கணக்குதான் இங்கேயும். பிரேசிலைச் சேர்ந்த லோப் 1981-இல் இதை எழுதினார். டல்லஸ் நகரத்து ஹாம்ரா 1995-இல், குழியின் விளிம்பில் திரை ஒட்டியிருக்கும் இடத்தைப் பிரித்துக் கொழுப்பை எலும்பின் மேல் பரப்பும் முறையைச் சொன்ன பிறகு இது வேகம் பிடித்தது. இன்றைக்கு சியோல் கிளினிக்குகளில் வெறுமனே எடுப்பதைவிட இதுதான் பேச்சு.

வெட்டு உள்பக்கமாகவே போடலாம். கண்குழியின் எலும்பு விளிம்பு வரை இறங்கி, ஆர்கஸ் மார்ஜினாலிஸ் என்கிற ஒட்டை விடுவித்து, பள்ளத்தில் தோலை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாரையும் அறுக்க வேண்டும். சொதப்புகிறவர்கள் சொதப்புவது இங்கேதான். நாரைச் சரியாக அறுக்காமல் கொழுப்பை மேலே போர்த்தினால், கட்டு அவிழாத மூட்டையின் மேல் துணி போட்டது போல, பள்ளம் அப்படியே தெரியும். பிறகு விளிம்புக்குக் கீழே சுமார் 1 செ.மீ. வரை கொழுப்பைச் சொருக ஒரு பொந்து உண்டாக்குவார்கள். எலும்பைப் போர்த்திய சவ்வுக்குக் கீழே போனால் ரத்தம் குறைவு, தளம் சுத்தம். மேலே போனால் வேலை எளிது, கன்றிப்போவது கூடுதல். முடிவில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. டாக்டருக்குப் பழகிய தளமே நல்ல தளம். ஆனால் அதே 1 செ.மீ. தூரத்தில்தான் கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் போகிற நரம்பு எலும்பிலிருந்து வெளியே வருகிறது. அதை நெருக்கினால் பல் பிடுங்கப் போட்ட ஊசி இறங்காதது போல உதடு சில வாரம் மரத்திருக்கும்.

கொழுப்பை வேரோடு பிடுங்குவதில்லை. ரத்த ஓட்டத்துடன் நாக்கு போல நீட்டி அந்தப் பொந்துக்குள் சொருகுவார்கள். நகராமல் இருக்க ஒரு நூல் கன்னத் தோல் வழியாக வெளியே வந்து, சிறு பஞ்சுத் துண்டின் மேல் முடிச்சிடப்பட்டிருக்கும். ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். சிலர் உள்ளேயே கரையும் நூலால் கட்டுவதும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் செய்துகொள்ள நினைப்பவர்கள் கன்னத்து முடிச்சையும் கணக்கில் வையுங்கள்.

இதன் குறை ஆறுகிற காலம். வீக்கம் வெறும் நீக்கத்தைவிட நீளும். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு பள்ளத்தில் பட்டாணி போலச் சிறு கட்டிகள் தட்டுப்படலாம். இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் இளகிவிடும், இளகாவிட்டால் ஊசி மருந்து. கொழுப்பை இறுக்கி இழுத்துக் கட்டினால் ஆப்ளிக் தசை சேர்ந்து இழுபட்டு மேலே பார்க்கும்போது இரட்டையாகத் தெரியும். அத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும் பள்ளம் உள்ளவருக்கு இதைத்தான் பரிந்துரைக்க முடியும். எடுத்துப் போட்ட கொழுப்பைத் திரும்ப வைக்க முடியாது; தொடையிலிருந்து எடுத்து ஊசியால் நிரப்ப வேண்டியிருக்கும். இமை போன்ற மெல்லிய தோலுக்கடியில் அது முண்டு முண்டாக நிற்கிற வாய்ப்பு அதிகம்.

வெளி வெட்டு

கீழ் ரோம வரிசைக்கு 2, 3 மி.மீ. கீழே வெட்டி, தோலையும் தசையையும் ஒரே மடலாகத் தூக்கி, கொழுப்பை எடுத்து, மிச்சத் தோலை நறுக்கித் தைப்பது பழைய வழி. டாக்டருக்கு எல்லாம் திறந்து தெரியும் என்பதால் வசதி. விலை கொடுப்பது இமை. தசையும் செப்டமும் ஆறும்போது சுருங்கி இமையைக் கீழே இழுக்கும். கருவிழிக்கு அடியில் வெள்ளை தெரியும், வெளிமூலை உருண்டுபோகும், முற்றினால் இமை வெளியே புரண்டு கண்ணீர் வழியும். திருத்தப் போனால் மேல் அண்ணத்திலிருந்து சவ்வு எடுத்து இமைக்குள் ஒட்டுப் போடுகிற அளவுக்கு வேலை பெரிதாகலாம்.

இன்று தோல் உபரியாக இருப்பவருக்குச் செய்ய வேண்டியது வேறு: கொழுப்புக்கு உள்பக்க வெட்டு, தோலுக்கு வெளியே வெறும் ‘பிஞ்ச்’. இடுக்கியால் ரோமத்துக்குக் கீழே தோலை மட்டும் கிள்ளி நிறுத்தி, நின்ற மடிப்பை நறுக்கி, 6-0 என்கிற மிக மெல்லிய நூலால் தைப்பது. தசை தொடப்படாது. 3, 4 மி.மீ. தோல் போனாலே நிறைய. அளவு குறிக்கும்போது நோயாளி மேலே பார்த்து வாயை அகலத் திறக்க வேண்டும். அந்த நிலையிலும் இமை இறங்கவில்லை என்றால்தான் அவ்வளவு தோல் உபரி. மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த பின் குறிக்கிற டாக்டர் இந்தச் சோதனையை எப்படிச் செய்வார் என்பது நமக்கும் புரியவில்லை.

சுருக்கத்துக்குத் தோலை நறுக்காமல் கார்பன் டை ஆக்சைடு லேசரால் இறுக்குவது வெள்ளைத் தோலில் ஓடுகிற வித்தை. மாநிறத்திலும் கருநிறத்திலும் அது கருமையை வரவழைக்கும் அபாயம் பெரிது, பிஞ்ச் தேவலை.

வெளி வெட்டோ உள் வெட்டோ, இமை தளர்ந்திருந்தால் வெளிமூலையை 5-0 நூலால் எலும்புச் சவ்வோடு இழுத்துக் கட்டுகிற கேன்தோபெக்ஸியும் சேர வேண்டும். தளர்வைப் பார்ப்பது எளிது: கீழிமையை விரலால் கீழே இழுத்து விடுங்கள், கண் கொட்டாமலே சட்டென்று ஒட்டிக்கொண்டால் சரி, கண் கொட்டிய பிறகுதான் ஒட்டுகிறது என்றால் தளர்வு. விழியிலிருந்து முன்னால் இழுக்கும்போது 6, 8 மி.மீ.க்கு மேல் விலகி வந்தாலும் தளர்வுதான். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் விழி கன்ன எலும்பைவிட முன்னே துருத்தி நிற்பவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. தொப்பைக்காரர் வேட்டியை இறுக்கிக் கட்டினால் அது தொப்பைக்குக் கீழே நழுவுமே, அதே மாதிரி இமையும் விழிக்குக் கீழே நழுவும்.

கிரீம்களைப் பற்றி ஒரு வரி: நீரைக் கொஞ்சம் வற்றவைக்கும், கொழுப்பைத் தொடாது. ஃபில்லர் ஊசி பள்ளத்தை நிரப்பும், பையைக் குறைக்காது. மேலோட்டமாகப் போட்டால் தோலுக்கடியில் நீலம் பூக்கும். ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வை போகலாம். முன்பே போட்டிருந்தால் ஆபரேஷனுக்கு முன் அதைக் கரைத்துவிட்டுத்தான் பையின் அசல் அளவைப் பார்க்க முடியும்.

முன்னும் பின்னும்

கண் வறட்சி உள்ளவர்களுக்குக் கண்ணீரை அளக்கிற ஷிர்மர் சோதனை வேண்டும்: இமையில் காகிதப் பட்டை மாட்டி 5 நிமிடம் விடுவார்கள், ஈரம் 5 மி.மீ.கூட ஏறவில்லை என்றால் ஆபரேஷனைப் பற்றி மறுபடியும் யோசிக்க வேண்டும். தைராய்டு கண் நோய் இருந்தால் அது அடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பை போலத் தெரிவது அந்த நோயாகவே இருப்பதும் உண்டு. லாசிக் செய்தவர்களும் ஆறு மாதம் பொறுப்பது நல்லது. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை போன்றவற்றை இரண்டு வாரம் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை இதய டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கண் பையைவிட அது முக்கியம்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: விழிக்குப் பின்னால் ரத்தக் கசிவு. அமெரிக்காவில் இமை அறுவை மருத்துவர்களிடம் கேட்டு 2004-இல் வெளியான கணக்குப்படி, இமை அழகு அறுவையில் சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. பார்வை நிரந்தரமாகப் போவது அதனினும் பல மடங்கு அபூர்வம். கசிவு வருவது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். ரத்த அழுத்தம் எகிறுவது, இருமல், மலச்சிக்கலில் முக்குவது, குனிந்து பாரம் தூக்குவது எல்லாம் தூண்டிவிடும். சாதாரண வலி பாராசிட்டமாலுக்கு அடங்கும். அடங்காமல் ஒரு கண்ணில் மட்டும் வலி ஏறி, விழி கல் போல இறுகி, பார்வை மங்கினால் காலைவரை காத்திருக்கவே கூடாது. விழித்திரை ரத்தமில்லாமல் தாங்குவது சுமார் ஒன்றரை மணி நேரம். வெளிமூலையை வெட்டி அழுத்தத்தை இறக்குவது சில நிமிட வேலை, ஆனால் செய்யத் தெரிந்தவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதனால்தான் இரண்டு கண்ணையும் இறுக்கமாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பார்வை தெரிகிறதா என்று நோயாளியே அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றபடி, முதல் இரண்டு நாள் விழித்திருக்கும்போது மணிக்கு 10, 15 நிமிடம் ஐஸ், துணி சுற்றி. இரண்டு தலையணை. வெளித்தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். கன்றியது இரண்டு வாரத்தில் தெளியும். வெள்ளை விழி ஜெல்லி போல வீங்கினால் பதற வேண்டாம். சொட்டு மருந்தில் வடியும். வேலைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாளில் போகலாம். ஆறு வாரம் வரை இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருக்காது. கண்ணாடி முன் நின்று அளந்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. முடிவைப் பார்க்க வேண்டியது மூன்றாவது மாதம், இடம் மாற்றியிருந்தால் ஆறாவது மாதம்.

கொட்டேஷனைப் படிக்கும்போது

செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜனாகவோ, கண் மருத்துவத்தில் ஆக்குலோபிளாஸ்டி (இமை அறுவை) பயிற்சி பெற்றவராகவோ இருக்க வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. கண் பிரச்சினையும் கூடவே உள்ளவர்கள் அழகு கிளினிக்கைவிட அங்கே காட்டுவது மேல். இன்ஷூரன்ஸ் அழகு அறுவைக்குப் பணம் தராது. சாதாரண மருத்துவச் சேவைக்கு இல்லாத 18 சதவீத ஜிஎஸ்டி இதற்கு உண்டு. சொன்ன தொகை அதைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

‘முன், பின்’ படங்களைக் காட்டினால் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று முதலில் பாருங்கள். ‘முன்’ படத்தில் வெளிச்சம் மேலிருந்து, ‘பின்’ படத்தில் நேராக ஃபிளாஷ் என்றால், ஆபரேஷன் செய்யாமலே பை பாதி மறைந்திருக்கும். கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிகிறதா என்றும் பாருங்கள். பல விளம்பரப் படங்களில் பை போயிருக்கும், இமையும் 1 மி.மீ. இறங்கியிருக்கும்.

காகிதத்தில் எழுதி வாங்க வேண்டியவை: வெட்டு உள்ளேயா வெளியேயா, கொழுப்பு எடுக்கவா இடம் மாற்றவா, கேன்தோபெக்ஸி தொகைக்குள்ளா வெளியேயா, மரத்துப்போகும் ஊசியா முழு மயக்கமா, காதோரப் பை மிஞ்சினால் திருத்தத்துக்குத் தியேட்டர் செலவு யாருடையது. கூடவே, அன்றிரவு அழைக்க ஒரு நம்பர். ரிசப்ஷன் நம்பர் அல்ல, ஆபரேஷன் செய்தவரின் நம்பர்.